பக்கிரியின் பிடி

செவ்வாய், தென்துருவப் பனி நிலையம்
வாசல் நினைவகக் குறிப்புகள், அடுத்து வருகிறவர்களின் பார்வைக்கு
எழுதுபவர்: முனைவர் தெய்வசிகாமணி, பனி வேதியியல்

நாள் 411 | 07:10

வெளி வெப்பம் கழித்தல் 118. உள்ளே 19. கரியமிலவாயு வழக்கத்தைவிடச் சற்று மேல். சுத்திகரிப்பானின் இரண்டாவது விசிறி முனகுகிறது. துளைக்கருவி நேற்று நாலு மீட்டர் இறங்கியது. எடுத்த பனித்தண்டில் மூன்று தூசி அடுக்குகள். வேறு விசேஷம் இல்லை.

தினமும் இந்த நினைவகத்தில் எழுத வேண்டும் என்பது விதி. அடுத்த குழு ஏறுகலத்தில் வந்து வாசலில் நிற்கும்போது முதலில் இதைத்தான் படிப்பார்களாம். படித்துப் பயன்பெறுங்கள், மேதைகளே. எனக்கு முந்தைய குழு எழுதி வைத்துவிட்டுப் போனதில் பாதி, யார் பிறந்த நாளுக்கு யார் பாயசம் கிண்டினார்கள் என்பதுதான்.

என்னோடு இருந்த பொறியாளர் இருதயராஜ் சிறுநீரகக் கல் வந்து துடித்து, முதல் ஏறுகலத்தில் மேலே தாய்க்கலத்துக்குப் போய்விட்டான். தூத்துக்குடிக்காரன். நல்ல வேலைக்காரன், ஆனால் வாய் ஓயாது. கல் வெளியே வந்த செய்தியைப் படத்தோடு அனுப்பினான். நான் அப்போது காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது இங்கே நானும் நாயும். நாயின் அரசாங்கப் பெயர் துணைவன்-2. இருதயராஜ் வைத்தது பக்கிரி. ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கிற செம்பட்டைத் தெருநாய். தனிமையில் மனிதன் கலங்கிவிடக் கூடாது என்று விலங்கு நடத்தைத் துறை அனுப்பி வைத்தது. எனக்குத் தனிமை ஒத்துக்கொள்கிறது, நாய்தான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்று என் காலுறையைத் தின்றது.

நாள் 413 | 11:25

தலைமையகத்திலிருந்து வந்தது:

"மாற்றுக்குழுவின் பயணம் ரத்து செய்யப்பட்டுள்ளது. நிலையம் மூடப்படுகிறது. தாய்க்கலம் நாள் 436 அன்று பூமிக்குத் திரும்பியாக வேண்டும். அதற்குள் தாங்கள் இரண்டாவது ஏறுகலத்தில் மேலே சென்று சேரவும். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

சிரமம்! சுத்திகரிப்பானுக்கு மாற்று விசிறி கொண்டுவரவேண்டியவர்கள் இவர்கள். இப்படியே முனகினால் ஒரு மாதம் ஓடும். அதற்குமேல் இங்கே மூச்சுவிட முடியாது.

மேலே போவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத் தலைமையகத்துக்கு நானே எடுத்துச் சொல்லவேண்டி வந்தது. ஏறுகலத்துக்குப் போக ஒரே கதவு. உள்ளே இருந்து அதை ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. கட்டுப்பாட்டு அறையில் கம்பிவடத்தில் தொங்கும் பிடியை ஒருவர் அழுத்திக்கொண்டே நிற்க வேண்டும். மற்றவர் நடைவழியைக் கடந்து, பூட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றபின் கதவு வழியே போக வேண்டும். மொத்தம் தொண்ணூறு விநாடி. இடையில் பிடியை விட்டால் கதவு சாத்திக்கொள்ளும். புத்தி பிசகிய ஒற்றை ஆள் கலத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடக் கூடாது என்று ஏழு பேர் கொண்ட குழு ஒன்று யோசித்துச் செய்த ஏற்பாடு இது. புத்தியோடு இருக்கிற ஒற்றை ஆள் என்ன செய்வான் என்று ஏழு பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இருதயராஜ் போனபோது பிடித்தவன் நான். எனக்குப் பிடிக்க யார்?

நாள் 413 | 19:50

பிடியைக் கயிற்றால் கட்டினேன். ஏற்கவில்லை. கையுறையில் வெந்நீர் ஊற்றிக் கட்டினேன். ஏற்கவில்லை. உயிருள்ள சதையின் சூடும் ஈரமும் ஓயாத சின்னச் சின்ன அசைவும் வேண்டுமாம். கயிற்றைக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் நம் ஆட்கள் என்று அந்த ஏழு பேருக்கும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. இந்த ஒன்றில் மட்டும் அவர்களை மதிக்கிறேன்.

கதவை உடைத்தால் கலத்தின் வாயும் சேர்ந்து உடையும்.

பூமியிலிருந்து பதில் வந்தது. பதினான்கு நிமிடம் வான்வெளியில் பயணம் செய்து வரத் தகுதியான பதில் இல்லை:

"நாயைப் பயன்படுத்த முடியுமா எனப் பரிசீலிக்கவும்."

நாய்! ஆனால் வாய் சூடு, எச்சில் ஈரம், அசைவுக்கும் பஞ்சமில்லை. அது பிடித்துக்கொண்டிருக்கும், நான் போய்விடுவேன். கடைசியில் இந்த நாய்க்கும் ஒரு பயன் வந்துவிட்டது.

நாள் 414 | 08:30

விலங்கு நடத்தைத் துறைத் தலைவி பேசினார். கோயம்புத்தூர் பக்கம். பணிவான பேச்சில் இத்தனை அதிகாரம் வைக்க முடியும் என்று இன்றுதான் கண்டேன்.

"தெய்வசிகாமணி சார், கற்பகவல்லி பேசறேனுங்க. நாய்க்குப் பொருளைக் கவ்விப் பிடிக்க நீங்கதான் சொல்லித்தரோணும். அடிக்கக் கூடாது, அதட்டக் கூடாது, வாயில திணிக்கவே கூடாதுங்க. அது தானாச் செய்யறதுல நமக்கு வேணுங்கறதைப் பாத்து, அந்த நொடியிலயே ஒரு சத்தம் குடுக்கோணும். சத்தம் வந்தாத் தீனி வரும்னு அதுக்குத் தெரியோணும். பேனா வெச்சிருப்பீங்களே, அதை டிக்குனு அமுக்குங்க, போதும். மொதல்ல பிடியைப் பாத்தாலே டிக். அப்புறமேட்டு மோந்தா டிக். அப்புறம் பல்லு பட்டா. ஒவ்வொரு படியாத்தான் போகோணும். உங்களுக்குப் பொறுமை கம்மின்னு கோப்புல எழுதியிருக்குதுங்க. அதான் மெதுவாச் சொல்றேன்."

என் கோப்பை நாய் டாக்டர் படிக்கிறார்.

தீனிக்கு வழி தேடினேன். நாய் பிஸ்கட் தீர்ந்துவிட்டது. பொட்டலச் சோற்றை அது மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது, நான் ஓராண்டாகத் தின்கிற சோற்றை. மிச்சம் இருப்பது என் நெத்திலிக் கருவாடு. நாகப்பட்டினத்திலிருந்து இத்தனை கோடி மைல் ஒளித்துக் கொண்டுவந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று வைத்துத் தின்றுகொண்டிருந்தேன். பொட்டலத்தைப் பிரித்ததும் நாயின் இரண்டு காதும் முதல்முறையாக ஒரே பக்கம் நிமிர்ந்தன.

நாள் 415 | 10:05

பிடியை அதன் மூக்குக்கு நேரே நீட்டினேன். அது என் சட்டைப் பையைப் பார்த்தது. பிடியைப் பார் என்றேன். என் முகத்தைப் பார்த்தது. உலகத்தில் எல்லாவற்றையும் பார்த்தது, பிடியைத் தவிர.

ஒரு மணி நேரத்தில் பொறுமை போய்விட்டது. தாடையைப் பிடித்துத் திறந்து பிடியை உள்ளே வைத்து, மேலும் கீழும் அழுத்தி மூடினேன். கையை எடுத்ததும் துப்பிவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டது. கருவாடு காட்டியும் வரவில்லை.

தலைவிக்கு விவரம் அனுப்பினேன். பதில்:

"திணிக்காதீங்கன்னு சொன்னனுங்களே. இப்ப அந்தப் பிடின்னாலே அதுக்குப் பயம். ரெண்டு நாளைக்கு அது பக்கத்துல உக்காந்து சும்மா கருவாடு போடுங்க. பிடி தரையில கெடக்கட்டும். பாவம், பொறுமை பத்தாதது நாய்க்கு இல்லீங்க."

ஐம்பத்தாறு வயதில், மூன்று கோள்களின் பனியை ஆராய்ந்தவன், தரையில் உட்கார்ந்து நாய்க்குக் கருவாடு போடுகிறேன். என் மாணவர்கள் பார்க்காதது நல்லதாய்ப் போயிற்று.

நாள் 418 | 16:40

பிடியில் பழைய காலுறையைச் சுற்றினேன். இரும்பு பல்லில் பட்டால் அதற்குக் கூசுகிறது. இது தலைவி சொன்னதில்லை, நானே கண்டது. காலுறை என்றதும் அதன் கண் மின்னியது. மோந்தது, டிக், கருவாடு. நாக்கால் தொட்டது, டிக், கருவாடு. கடைசியில் முன்பல்லால் கவ்வியது. கையிலிருந்த பேனா தவறி விழுந்தது, அத்தனை பதற்றம் எனக்கு. தேடி எடுத்து அமுக்குவதற்குள் துப்பிவிட்டது. ஆனாலும் கொடுத்தேன்.

நாளை முடித்துவிடலாம்.

நாள் 420 | 12:15

முடியவில்லை. கவ்வுகிறது, உடனே துப்புகிறது, வாலை ஆட்டிக்கொண்டு கையை நீட்டு என்று நிற்கிறது. கவ்வத் துப்ப, கவ்வத் துப்ப. இன்று காலை முழுக்க இந்தக் கூத்துதான். மட்டமான மூளை என்று அறிக்கை அனுப்பினேன். படப்பதிவையும் இணைத்தேன், துறைத் தலைவியே பார்த்து வெட்கப்படட்டும் என்று.

"பதிவைப் பாத்தனுங்க சார். நீங்க டிக்குங்கறது எப்பன்னு பாருங்க. அது துப்பினதுக்கு அப்புறம். கவ்வறப்ப வாயைப் பொளந்து பாத்துட்டு நிக்கறீங்க, துப்பினதும் அமுக்கறீங்க. துப்பறதுக்குத்தான் நீங்க கூலி குடுத்திருக்கீங்க, அதை நல்லாப் படிச்சுக்கிச்சு. கெட்டிக்கார நாய்ங்க. பல்லு பிடியில இருக்கறப்பவே டிக்."

பதிவை நானும் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். எரிச்சலாக இருக்கிறது.

நாள் 423 | 17:30

மூன்று விநாடி. ஐந்து. பிறகு எட்டு. பல்லில் இருக்கும்போதே டிக். என்னுடைய நேரம் இப்போது துல்லியம். சோதனைக்குழாயில் ஒரு சொட்டு அதிகம் விடாதவன் நான், பேனா அமுக்கத் தெரியாதா? "பிடி" என்றதும் வந்து கவ்வி, கண்ணை மேலே தூக்கி என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. முகத்தில் என்னவோ பெரிய அதிகாரி போல ஒரு பொறுப்பு. எச்சில் ஒழுகித் தரை நனைகிறது. பலகையில் முதல்முறையாகப் பச்சை விளக்கு எரிந்தது. உயிருள்ள கை என்று இயந்திரம் ஒப்புக்கொண்டுவிட்டது.

இந்த ஞாயிறு கருவாடு நான் தின்னவில்லை. நாய்க்குத் தேவைப்படும்.

நாள் 426 | 09:20

தலைவலி. கரியமிலவாயு ஏறுகிறது. இரண்டாவது விசிறி நின்றுவிட்டது.

நாற்பது விநாடி பிடிக்கிறது, ஆனால் நான் அறையில் இருக்கும்வரைதான். வாசலைத் தாண்டியதும் பிடியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடி வருகிறது. பத்துமுறை செய்து பார்த்தேன், பத்துமுறையும் வந்தது. இருதயராஜாக இருந்தால் பாசம் என்று கண்ணைக் கசக்குவான். பாசமில்லை. கருவாடு என் பையில் இருக்கிறது, பை நடந்து போனால் நாயும் நடந்து போகும். சோதித்தேன்: பொட்டலத்தை அறையிலேயே மூடி வைத்துவிட்டு வெறும் பையோடு போனேன். அப்போதும் வந்தது. துணியில் மணம் ஒட்டியிருக்கும்.

"நேரமும் தூரமும் ஒண்ணா ஏத்தாதீங்க" என்றார் தலைவி. "ஒரு எட்டு வெச்சுத் திரும்பி வாங்க, டிக். ரெண்டு எட்டு, டிக். நீங்க திரும்பி வருவீங்கன்னு அது நம்போணும். அப்பத்தான் நீங்க போறப்ப நிக்கும்."

நாள் 430 | 15:00

ஒரு எட்டு. திரும்பி வந்தேன். மூன்று எட்டு. திரும்பி வந்தேன். வாசல்வரை. நடைவழியின் வளைவுவரை. கண்ணுக்கு மறைந்து நின்றேன், வந்தேன். ஒவ்வொரு முறையும் திரும்பி வருகிறேன், அது பிடித்துக்கொண்டு நிற்கிறது. இன்று கதவுவரை போய் கையால் கதவைத் தொட்டேன். பூட்டுகள் அத்தனையும் கழன்றிருந்தன. ஓடி வந்தால் அதே இடம், அதே பார்வை. நூற்றுப் பத்து விநாடி.

சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அதுவும் என்னைச் சுற்றிச் சுற்றி ஓடியது. கருவாடு இரண்டாகக் கொடுத்தேன், முறைப்படி அது தவறு.

பெருமையாக இருக்கிறது என்று எழுத வெட்கமில்லை. இப்படி ஒரு மாணவன் எனக்குப் பல்கலைக்கழகத்தில் வாய்த்ததில்லை.

நாள் 432 | 10:40

கற்பகவல்லியிடமிருந்து:

"வாழ்த்துகள் சார். ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க. ஒரு சின்ன உதவிங்க. நீங்க கெளம்பறப்ப கட்டுப்பாட்டு அறைக் கேமராவை ஓட விட்டுட்டுப் போங்க. கூலி வராம, ஆளும் வராம, ஒரு நாய் எத்தனை நேரம் பிடிச்சுக்கிட்டு நிக்கும்னு இதுவரைக்கும் எங்கயும் பதிவு கெடையாதுங்க. இங்க எந்த நெறிமுறைக் குழுவும் அப்படிச் செய்ய அனுமதிக்காது. அங்க தானா அமைஞ்சிருக்குது. காத்து இன்னும் அஞ்சாறு நாளைக்கு அதுக்குப் போதுங்களே."

பதிவை இரண்டுமுறை போட்டுக் கேட்டேன்.

அடிக்காதே, அதட்டாதே, பாவம் என்றெல்லாம் எனக்குப் பாடம் எடுத்த பெண்மணி. நான் நாயை வெறுக்கிறேன், அதை ஒளித்ததில்லை. இவர் அன்பு பேசியே அதன் சாவுக்கு நேரம் குறிக்கிறார். பதில் அனுப்பவில்லை. இந்த மாதிரி ஆட்களுக்குப் பதில் எழுதிக் கையை அழுக்காக்கிக்கொள்ள முடியாது.

ஆனால் அதை விட்டுவிட்டுப் போவது நான்தான்.

நாள் 433 | 13:10

மேலே இருந்து இருதயராஜ்:

"அண்ணாச்சி, கேக்குதா? எல்லாம் தயாரா இருக்கு. பக்கிரிக்கு ஒரு தொட்டில் கட்டி வச்சிருக்கேன், எடையில்லாத எடத்துல பய மெதந்துட்டுத் திரியக் கூடாதுல்லா. அவன் திங்க வட்டிலும் ஒண்ணு செஞ்சிருக்கேன். சீக்கிரம் வாங்க."

தொட்டிலாம். பொறியியலில் பட்டம் பெற்றவன். பிடிக்கிறவன் இங்கேயே நிற்பான், போகிறவன்தான் போவான் என்பது கூட மண்டையில் ஏறவில்லை. சொன்னால் அழுவான். மேலே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று பேச்சை முடித்துவிட்டேன்.

நாள் 435 | 06:30

இன்று.

துளைக்கருவி நிறுத்தம். பனித்தண்டுகளைக் கட்டி வைத்தாயிற்று. கரியமிலவாயு மோசம், படியேறினால் மூச்சு வாங்குகிறது.

கட்டுப்பாட்டு அறைக் கேமராவின் இணைப்பைப் பிடுங்கிவிட்டேன். கற்பகவல்லி பதிவு செய்ய வேறு சாவு தேடிக்கொள்ளட்டும்.

மிச்சக் கருவாடு ஒரு கை இருக்கும். பெட்டியில் போட்டு மூடியைத் தளர்வாக வைத்திருக்கிறேன், மூக்கால் தள்ளினால் திறக்கும். தண்ணீர்த் தொட்டி நிறைத்தாயிற்று. விளக்கு எரியட்டும். இருட்டில் அது ஊளையிடும், கேட்க ஆளில்லை என்றாலும்.

நாள் 435 | 07:25 | ஏறுகலம்

உள்ளே வந்துவிட்டேன்.

"பிடி" என்றேன். பிடித்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பூட்டுகள் கழன்றன. தாண்டினேன்.

கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. அப்படியென்றால் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

07:31

இன்னும் திறந்தே இருக்கிறது. கதவு மூடாமல் கலம் கிளம்பாது. விடு, முட்டாளே. எத்தனை நேரம். வாய் வலிக்காதா உனக்கு?

07:38

விடவில்லை. நான் வருவேன் என்று நிற்கிறது. ஒவ்வொரு முறையும் வந்தேனே.

கதவில் கலத்தின் பக்கம் ஒரு நெம்புகோல் இருக்கிறது. அதைக் கீழே இழுத்தால் உள்ளே யார் பிடித்திருந்தாலும் கதவு மூடும். இழுத்துவிட்டேன்.

07:44

அழுத்தச் சரிபார்ப்பு. இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும்.

கதவில் ஏதோ உரசுகிறது. குளிரில் இரும்பு சுருங்கும் சத்தமாக இருக்கலாம்.

07:52

இரும்பு முனகாது.

பெட்டியில் கருவாடு இருக்கிறது, முட்டாளே. அங்கே போ. போய்த் தின்னு. இங்கே என்ன இருக்கிறது? என் பை காலி. சட்டையை மாற்றிவிட்டேன், மணம்கூட இல்லை.

08:04

கிளம்பியாயிற்று.

நாள் 435 | 11:50 | ஏறுகலம், தாய்க்கலத்தை நெருங்கும்போது

இருதயராஜோடு நடந்த பேச்சை அப்படியே பதிகிறேன். யாராவது படிக்க வேண்டும்.

"அண்ணாச்சி, தெரியுதீய, தெரியுதீய! நல்லா நேரா வாரீய. பக்கிரி என்ன செய்யுதான்? பயந்துட்டானா?"

"அது பிடித்துக்கொண்டிருந்தது. நான் வந்துவிட்டேன்."

"சரி, நீங்க கலத்துக்குள்ள வந்தப்பறம் அவனக் கூப்பிட்டீயல்ல?"

"எப்படிக் கூப்பிடுவது? அது பிடியை விட்டால் கதவு சாத்திக்கொள்ளும்."

"என்னத்த அண்ணாச்சி சொல்லுதீய. உங்க பக்கம் நெம்புகோல் இருக்குல்லா? அத மேல தள்ளிட்டா கதவு திறந்தேதான நிக்கும்? உள்ள ஒருத்தரும் பிடிக்க வேண்டாம்லா. நாம மொத நாளு வந்து எறங்கினப்ப நீங்கதான அதத் தள்ளித் திறந்தீய? உள்ளயிருந்து போகத்தான் ரெண்டு ஆளு. வெளியிலயிருந்து திறக்க ஒத்த ஆளு போதும். இது உங்களுக்குத் தெரியும்லா. தெரியும்னுதான நான் சொல்லல."

எரிபொருள் அளவியைப் பார்த்தேன்.

"அண்ணாச்சி. பக்கிரி எங்க? அண்ணாச்சி, கேக்குதா?"

நாள் 435 | 14:20 | தாய்க்கலம்

ஏறுகலத்தில் ஒரு முறை ஏறத்தான் எரிபொருள். திரும்ப இறங்க முடியாது. நாலுமுறை கணக்குப் போட்டேன். இருதயராஜும் போட்டான். பிறகு தொட்டிலைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டான். என்னிடம் அவன் பேசவில்லை. வாய் ஓயாதவன்.

தெரியும். எல்லாம் தெரியும் எனக்கு. அந்த நெம்புகோலை மேலே தள்ளித்தான் முதல் நாள் உள்ளே வந்தேன். இன்று அதே நெம்புகோலைப் பிடித்துக் கீழே இழுத்தேன். மேலே தள்ளத் தோன்றவில்லை. கதவு பதினைந்து நிமிடம் திறந்து கிடந்தது. அதன் பிறகு இருபது நிமிடம் கதவுக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நான், என் முழங்காலுக்குப் பக்கத்தில் நெம்புகோல். நாயும் வரலாம் என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை. பிடிக்க ஒரு வாய் வேண்டும் என்று நினைத்தேன், வாயைச் செய்துகொண்டேன். மற்றதை நான் எண்ணவே இல்லை.

அந்த ஏழு பேரை எழுதிக் கிழித்தேன். கற்பகவல்லியைக் கிழித்தேன். இருதயராஜை மண்டு என்றேன்.

நாள் 436 | 09:00 | தாய்க்கலம்

கற்பகவல்லியிடமிருந்து:

"கேமரா ஓடலீங்களே சார், ஏதாவது கோளாறுங்களா?"

கேமரா இருந்திருந்தால் இப்போது அது என்ன செய்கிறது என்று தெரிந்திருக்கும். நான்தான் பிடுங்கினேன். காற்று இன்னும் ஐந்தாறு நாளைக்கு இருக்கும் என்றார். அவர் கணக்கு சரி. நானும் பார்த்துவிட்டேன்.

நாள் 436 | 15:30 | தாய்க்கலம், புறப்படும் முன்

இதை நிலையத்தின் வாசல் நினைவகத்துக்கு அனுப்புகிறேன். மேலேயிருந்து அதில் எழுத மட்டும்தான் முடியும். விளக்கைத் தொட முடியாது, ஒரு சத்தம் கொடுக்க முடியாது, கதவைத் திறக்க முடியாது. முயன்று பார்த்துவிட்டோம்.

எப்போதாவது யாராவது வருவீர்கள். வாசலில் நின்று இதைப் படிப்பீர்கள்.

உள்ளே ஒரு நாய் இருக்கிறது. பெயர் பக்கிரி. கட்டுப்பாட்டு அறையில் பிடியருகே இருக்கலாம். அங்கே இருக்காது என்று எனக்குத் தெரியும். கருவாட்டுப் பெட்டி திறந்திருக்கிறதா என்று பார்க்காதீர்கள். பார்த்தால் எனக்குச் சொல்லி அனுப்பாதீர்கள்.

கதவை உங்கள் பக்கத்திலிருந்து ஒருவரே திறக்கலாம். நெம்புகோலை மேலே தள்ள வேண்டும். மெதுவாகத் தள்ளுங்கள். அது கதவில் சாய்ந்து கிடக்கும்.